ஜீப் ஸ்டாண்டிலும் இருக்கட்டும் உயிர்காக்கும் பெட்டி

விடியும் முன்பே கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் ஜீப்புகள் நிரம்பிவிடும். ஏலத்தோட்ட வேலைக்காகக் குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறும் பெண்கள்தான் அவற்றில் இருப்பார்கள். கார்த்திகை பிறந்துவிட்டால் குமுளிச் சாலையில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். இந்தக் கூட்டத்தில் ஒருவர் திடீரென்று சரிந்து விழுந்தால் நாம் என்ன செய்கிறோம்? தண்ணீர் தெளிக்கிறோம். சோடா வாங்கி வாயில் ஊற்றப் பார்க்கிறோம். அப்புறம்தான் வண்டி தேடுகிறோம். அதற்குள் காரியம் கைமீறிப் போய்விடுகிறது.

மாரடைப்பு வேறு, இதய நிறுத்தம் வேறு. மாரடைப்பு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வலி என்று சொல்வார், வியர்த்துக் கொட்டும். அவரை ‘வாயுப் பிடிப்பு’ என்று வீட்டில் படுக்க வைக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் கட்ட மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023 முதல் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. இதய நிறுத்தத்திலோ பல நேரங்களில் இதயத்தின் கீழறைகள் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கும். மூளைக்கு ரத்தம் போகாது, ஆள் பேச்சு மூச்சில்லாமல் விழுவார். நெஞ்சை அழுத்தவோ மின்னதிர்ச்சி கொடுக்கவோ ஆளில்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. கம்பத்திலிருந்து தேனிக்கே சுமார் 40 கிலோமீட்டர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் க.விலக்கு அதற்கும் அப்பால். 108 எவ்வளவு விரைந்து வந்தாலும் முதல் ஐந்து நிமிடம் பக்கத்தில் நிற்பவர் கையில்தான் இருக்கிறது.

அந்த ஐந்து நிமிடத்துக்காகச் செய்யப்பட்டதுதான் ஏ.ஈ.டி. எனப்படும் தானியங்கி டிஃபிப்ரிலேட்டர். மூடியைத் திறந்ததும் கருவியே பேசும். இரண்டு பட்டைகளை நெஞ்சில் எங்கே ஒட்ட வேண்டும் என்று சொல்லும். இதயத் துடிப்பைத் தானே பார்த்து, தேவைப்பட்டால் மட்டுமே ‘ஷாக்’ கொடுக்க விடும். தெரியாமல் கொடுத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். அமெரிக்காவில் சூதாட்ட விடுதிக் காவலர்களுக்கு இதைப் பழக்கிப் பார்த்தார்கள். 2000-ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வில், விழுந்த மூன்று நிமிடத்துக்குள் மின்னதிர்ச்சி பெற்றவர்களில் 74 சதவீதம் பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள். கருவியைக் கையாண்டவர்கள் மருத்துவர்கள் இல்லை, வாசலில் நின்ற காவலாளிகள்.

நம் ஊர் வழியாகச் சபரிமலைக்குப் போகும் பக்தர்களுக்காகப் பம்பையிலிருந்து சன்னிதானம் ஏறும் பாதையில் கேரள சுகாதாரத் துறை அவசர மருத்துவ மையங்களை அமைத்து இந்தக் கருவியை வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் லிஃப்ட் வாசலில் பெட்டி தொங்குகிறது. பக்கத்தில் இருக்கும் தன்னார்வலரைச் செயலி வழியே அழைக்கும் ஏற்பாடும் 2015-லிருந்து அங்கே உண்டு. சபரிமலைக்குப் போகும் அதே பக்தர் இளைப்பாறும் கம்பத்துக்கும், சித்திரைத் திருவிழாவில் ஜனம் நெரியும் வீரபாண்டிக்கும், சுருளி அருவிக்கும் அந்தப் பாதுகாப்பு ஏன் கூடாது?

ஒரு கருவி ஏறத்தாழ லட்ச ரூபாய் பிடிக்கும். தனி ஆளுக்கு அது பெரிய தொகை. வர்த்தகர் சங்கம், உறவின்முறை, ரோட்டரி, ஜீப் ஓட்டுநர்கள், கோயில் நிர்வாகம், போடி ஏலக்காய் வியாபாரிகள் சேர்ந்தால் முடியாத தொகை இல்லை. கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி பெரிய நிறுவனங்கள் ஒதுக்கும் சமூகப் பொறுப்பு நிதியையும் கேட்கலாம். ஆனால் வாங்கி வைப்பதோடு வேலை முடிந்துவிடாது. இதில்தான் பல ஊர்கள் கோட்டை விடுகின்றன. சாவி யாரிடமோ இருக்க, பீரோவுக்குள் பூட்டிய பெட்டி யாருக்கும் உதவாது. ஒட்டும் பட்டைக்கும் பேட்டரிக்கும் காலாவதித் தேதி உண்டு. மாதம் ஒருமுறை பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்கப் பெயர் சொல்லி ஓர் ஆள் வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விடக்கூடாது. தமிழில் பேசும் கருவியா என்று கேட்டு வாங்குங்கள். அருவிக்கரையில் விழுந்தவரின் நெஞ்சை முதலில் துடைத்துவிட்டே பட்டையை ஒட்ட வேண்டும்.

கருவி வரும்வரை கைகள் போதும். விழுந்தவரைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லை, சரியான மூச்சும் இல்லை என்றால் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவே இரு கைகளையும் கோத்து வைத்து, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தட்டும். வாயோடு வாய் வைத்து ஊதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

‘போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டியிருக்குமோ’ என்று தயங்குபவர்களுக்கு: சாலை விபத்தில் உதவுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. நினைவிழந்து சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருப்பவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யும் உதவியை பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆவது பிரிவு குற்றமாகக் கருதுவதில்லை. அவசர நிலையில் வருபவருக்கு உயிர்காக்கும் சிகிச்சை அளிப்பது அரசு, தனியார் மருத்துவர் எல்லோருக்கும் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. 108 சேவைக்குக் கட்டணம் கிடையாது.

கிராமத்தில் இருப்பவர்கள் அடுத்த கிராம சபைக்கும், நகராட்சியில் இருப்பவர்கள் பகுதி சபைக்கும் இதைக் கொண்டுபோங்கள். எந்த இடத்தில் கருவி, யார் பொறுப்பு, யாருக்கெல்லாம் பயிற்சி என்ற மூன்றையும் தீர்மானத்தில் எழுத வையுங்கள். முதல் பயிற்சி ஜீப் ஓட்டுநர்களுக்கு நடக்கட்டும்.