உங்களுக்குத் தெரியுமா? நரம்பை நெறிப்படுத்தும் ‘ரோபோ’

● ரோபோ என்றதும் இயந்திரம் நினைவுக்கு வரலாம். இதுவோ ஒரு புரதம். கருவில் நரம்பு செல்லிலிருந்து கிளம்பும் ஆக்ஸான் இழையின் நுனியில் ஏற்பியாக இருந்து வழி சொல்கிறது.

● தண்டுவடத்தின் நடுக்கோட்டில் சுரக்கும் ‘ஸ்லிட்’ புரதத்தை ரோபோ உணர்ந்ததும் இழை விலகிப்போகும். கோட்டை ஒருமுறை கடந்த இழை மறுபடி கடக்காததும் இதனால்தான்.

● 1993-இல் அறிவியலாளர் கோரி குட்மன் குழுவினர் ரோபோ புரதத்துக்கான மரபணுவைப் பழ ஈக்களில் அடையாளம் கண்டனர். அது பழுதான ஈக்களில் இழைகள் நடுக்கோட்டை மாறி மாறிக் கடந்து வட்டமடித்தன.

● மனிதரில் ரோபோ வகைகளுள் ஒன்றான ரோபோ3-இன் மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானால், மூளைத்தண்டில் மறுபுறம் போகவேண்டிய இழைகள் போவதில்லை. கண்களைப் பக்கவாட்டில் அசைக்க முடியாது. தலையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். முதுகெலும்பும் நாளடைவில் வளையும். இந்தக் கோளாறுக்கான மரபணுக் காரணம் 2004-இல் தெரியவந்தது.

● மனித ரோபோ மரபணுவை வளர்ப்புச் செல்களில் புகுத்தி, ரோபோவின் வெளிப்பகுதியை மட்டும் மறுசேர்க்கைப் புரதமாகத் தயாரிக்கலாம். அது ஸ்லிட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உடனே செல்லுக்குப் போகும் சமிக்ஞை குறையும். ஆய்வகங்களுக்கென விற்கப்படும் இந்தப் புரதம் ஆராய்ச்சிக்கு மட்டுமே, சிகிச்சைக்கு அல்ல.