உங்களுக்குத் தெரியுமா? மட்டக்களப்புக் கடலின் டொல்பின்கள்

● பாடும் மீன்களுக்குப் பேர்போன மட்டக்களப்பு வாவி, பாலமீன்மடு முகத்துவாரத்தில் கடலோடு சேர்கிறது. அதற்கு அப்பால் விரியும் கிழக்குக் கடலில் டொல்பின்கள் கூட்டங்கூட்டமாகத் திரிகின்றன.

● டொல்பின் மீனல்ல; நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டி ஈன்று பாலூட்டும் பிராணி. வாலைப் பார்த்தாலே தெரியும்: மீனின் வால் இடம்வலமாக அசையும், டொல்பினின் வால் மேலும் கீழும் அசையும்.

● கடல் டொல்பின் குடும்பத்தின் விஞ்ஞானப் பெயர் டெல்பினிடே. இதில் 35க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. கொலைத் திமிங்கிலம், பைலட் திமிங்கிலம் ஆகியவை பெயரில்தான் திமிங்கிலங்கள். இரண்டும் இந்தக் குடும்பமே!

● இக்குடும்பத்தின் ஸ்டெனெல்லா பேரினத்தில் வழக்கமாக 5 இனங்களைச் சேர்ப்பார்கள். அவற்றில் சுழல் டொல்பின், புள்ளி டொல்பின், வரி டொல்பின் மூன்றும் இலங்கைக் கடலில் உண்டு. மற்ற இரண்டும் அத்திலாந்திக் கடலுக்கே உரியவை.

● அந்த இரண்டில் ஒன்றான கிளைமீன் டொல்பின், சுழல் டொல்பினும் வரி டொல்பினும் கலந்து உருவான இனம் என்று 2014இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

● சுழல் டொல்பின் சுமார் 2 மீற்றர் நீளம். நீரைவிட்டு எழும்பி, ஒரே பாய்ச்சலில் 7 சுற்றுவரை சுழலும். உடலில் ஒட்டிய உருவுமீனை உதறவும், கூட்டத்துக்குச் சைகை காட்டவும் இப்படிச் சுழல்வதாகக் கருதுகிறார்கள்.

● அதன் நீண்ட அலகுக்குள் சுமார் 200 பற்கள் இருக்கும். ஆனாலும் மெல்லாது, பிடித்த மீனை அப்படியே விழுங்கும். இரவில்தான் வேட்டை: ஆழத்திலிருந்து மேலே வரும் சிறுமீன்களும் கணவாயும் அதற்கு இரை.

● புள்ளி டொல்பின் பிறக்கும்போது உடலில் ஒரு புள்ளிகூட இராது. வளர வளரத்தான் புள்ளிகள் தோன்றும்.

● டொல்பின் கூட்டத்தின் கீழே மஞ்சள் செட்டைச் சூரை மீன்கள் சேர்ந்து வருவதுண்டு. சூரைக்கு விரிக்கும் வலையில் டொல்பின் சிக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

● 2020 நவம்பரில் பாணந்துறைக் கரையில் நூறளவு பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. கடற்படையினரும் ஊர்மக்களும் இரவிரவாகப் பாடுபட்டு, பெரும்பாலானவற்றைக் கடலுக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

● இலங்கையில் டொல்பினைப் பிடிப்பதும் கொல்வதும் சட்டப்படி குற்றம். கரையில் உயிரோடு ஒதுங்கியதைக் கண்டால் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். தலைமேலுள்ள மூச்சுத் துளையில் நீரோ மணலோ புகாமல் உடலை நனைத்து, நிழல் கொடுத்து, வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு உடனே அறிவியுங்கள்.