கணினி வழிச் சிக்குக்கோல வரைவில் மாதிரிப் புள்ளிகளும் துல்லியமும்

திறவுச்சொற்கள்: சிக்குக்கோலம், வளைவரை, மாதிரிப் புள்ளி, துல்லியம், ஆவணப்படுத்தல்

முன்னுரை

மாங்காடு, பூந்தமல்லி, ஆவடி உள்ளிட்ட சென்னையின் மேற்குப் புறநகரங்களில் விடியலில் வாசலில் இடப்படும் கோலம், பொழுது சாய்வதற்குள் கால்பட்டு அழிந்துவிடும். அதனை நிலைநிறுத்த விழையும் ஆய்வுகள் சிக்குக்கோலத்தைக் கணிதச் சமன்பாடாக மாற்றி மென்பொருளால் வரைகின்றன. அவ்வாறு பெறும் படம் மூலக்கோலத்தின் சான்றாகுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

புள்ளி: இரு பொருள்

சிக்குக்கோலத்தில் புள்ளி வழிகாட்டி மட்டுமே. இழை அதனைத் தொடாமல் சுற்றிச் செல்லும். மென்பொருளிலோ வளைவரை மாதிரிப் புள்ளிகளின் ஊடாகவே செல்லும். கணினி வளைவரையை முழுமையாக அறிவதில்லை. சில இடங்களில் மட்டும் மதிப்பைக் கணித்து, இடைவெளிகளை நேர்கோட்டால் இணைக்கிறது. இரு புள்ளிகளுக்கு இடையே நிகழ்வது அதன் ஊகமே.

ஒரு சான்று

4 வரிசை, 5 நிரல் கொண்ட செவ்வகப் புள்ளியமைப்பை எடுத்துக்கொள்ளலாம். 4, 5 ஆகியவற்றுக்கு 1 தவிரப் பொதுக் காரணி இல்லாததால், இக்கோலம் ஒரே இழையில் முடியும். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவே ஒரு வெட்டு என்ற கணக்கில், கிடையாக 16, நெடுக்காக 15, ஆக 31 வெட்டுகள் அமையும். இதே அமைப்பை x = சைன் 4t, y = சைன் 5t என்னும் வளைவரை தருகிறது; இதில் t 0 பாகை முதல் 360 பாகை வரை செல்லும்.

இவ்வளைவரையைச் சம இடைவெளியில் 8 மாதிரிப் புள்ளிகளால் வரைந்தால், x எங்கும் சுழியாகி நெடுங்கோடு ஒன்று தோன்றும். 10 புள்ளிகளில் y சுழியாகிக் கிடைக்கோடு தோன்றும். 9 புள்ளிகளில் y = −x ஆகிச் சாய்கோடு தோன்றும். சமன்பாடு ஒன்றே, கணிப்பிலும் பிழையில்லை, எனினும் 31 வெட்டுகளும் மறைந்துவிடுகின்றன. புள்ளிகளை வளைவாக இணைக்கும் வசதியாலும் இவ்விழப்பு ஈடாகாது. எடுக்கப்படாத செய்தியை அழகூட்டல் மீட்டுத் தராது.

வளைவு மிகும் இடத்தில் தானாகவே புள்ளிகளைக் கூட்டும் முறையும் முழுக் காப்பன்று. அம்முறை தொடக்கம், நடு, இறுதி ஆகிய மூன்றை மட்டும் முதலில் சோதித்தால், 0, 180, 360 பாகைகளில் இவ்வளைவரை மையத்திலேயே நிற்பதால், முழுக் கோலமும் ஒற்றைப் புள்ளியாகக் கருதப்படும்.

துல்லிய அளவு

நேர்கோட்டு இணைப்பால் நேரும் விலகல் இடைவெளியின் இருமடிக்கு ஏற்ப அமையும். படத்தின் அகலம் 1000 படப்புள்ளி எனக் கொண்டால், 36 மாதிரிப் புள்ளிகளில் விலகலின் மேல்வரம்பு ஏறத்தாழ 56 படப்புள்ளி. 360 மாதிரிப் புள்ளிகளில் அது அரைப் படப்புள்ளி அளவுக்குக் குறையும். ஆகவே மாதிரிப் புள்ளிகள் பத்து மடங்கானால் பிழை நூறில் ஒரு பங்காகும். எவ்வளவு வேண்டும் என்பதை வளைவரையின் மிகு வளைவே முடிவுசெய்ய வேண்டும்; மென்பொருளின் இயல்பு அமைப்பு அன்று.

இலக்கணவழி

சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனுடன் இணைந்து 1974இல் கோலங்களை அணி இலக்கணங்களால் விளக்கினர். இலக்கணம் கோலத்தை ஆக்கும் விதியைக் கூறுவது. மாதிரி எடுத்தல் ஆக்கப்பட்ட உருவின் சில இடங்களை மட்டும் அளப்பது. விதி காக்கப்பட்டால் எந்த அளவிலும் படத்தை மீண்டும் வரையலாம். படம் மட்டும் எஞ்சினால் விதியை மீட்பது உறுதியன்று.

முடிவுரை

கோல ஆவணத்தில் படத்துடன் புள்ளியமைப்பு, சமன்பாடு அல்லது ஆக்கவிதி, மாதிரிப் புள்ளிகளின் எண்ணிக்கை ஆகியன இடம்பெறுதல் வேண்டும். இழைகளின் எண்ணிக்கையையும் வெட்டுகளின் எண்ணிக்கையையும் புள்ளியமைப்பிலிருந்து தனியே கணித்து, படத்துடன் ஒப்பிடுதல் இன்றியமையாதது. மேற்கண்ட சான்றில் 1, 31 என்னும் இரு எண்களே பொய்ப்படத்தைக் காட்டிக்கொடுக்கப் போதுமானவை. வாசலில் அழிந்த கோலத்திற்கு ஆவணமே எஞ்சும் சான்று என்பதால், இச்சோதனை இல்லாத படத்தை மூலமாகக் கொள்ளுதல் தகாது.