33-ஆம் கட்டத்தில் இல்லாத பதக்கம்

மறைந்த போர்வீரரின் பணிப்பதிவேட்டைத் திருத்த அமெரிக்கக் குடும்பங்கள் நடத்தும் காகிதப் போராட்டம்

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கத் தரைப்படைச் சிப்பாய்களின் கையில் ஒரு தாள் இருந்தது. 53-55 என்று எண்ணிட்ட படிவம். முன்பக்கம், கௌரவமாகப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்ற சான்றிதழ். பின்பக்கம், தட்டச்சில் அடித்து நிரப்பிய சின்னச் சின்னக் கட்டங்கள். 33-ஆம் கட்டத்தில் பெற்ற பதக்கங்கள், 34-ஆம் கட்டத்தில் போரில் பட்ட காயங்கள். அப்பாவோ தாத்தாவோ காலமான பிறகு பீரோவைத் துழாவும் பிள்ளைகளின் கண் முதலில் போவது இந்த இரண்டு கட்டங்களுக்குத்தான். ஐரோப்பாவில் அங்கே சண்டை போட்டேன், இங்கே சண்டை போட்டேன் என்று அவர் சொன்னதெல்லாம் நினைவில் இருக்கும். கட்டத்திலோ ஒன்றிரண்டு பொதுப் பதக்கங்கள்தான் இருக்கும்.

அவர்கள் கவனிக்காமல் விடுவது 31-ஆம் கட்டத்தை. துப்பாக்கி சுடும் தேர்ச்சி போன்றவற்றை எழுதும் இடம் அது. ‘காலாட்படைப் போர்ச் சின்னம்’ என்ற வார்த்தைகளும் பல தாள்களில் அங்கேதான் இருக்கும். 1943-இல் உருவான சின்னம். எதிரியோடு நேருக்கு நேர் நின்று சண்டையிட்ட காலாட்படையினருக்கு மட்டும் கொடுத்தது. போர் முடிந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1947-இல், ராணுவம் ஒரு முடிவெடுத்தது. 1941 டிசம்பர் 7-க்கும் 1945 செப்டம்பர் 2-க்கும் இடையே இந்தச் சின்னத்தையோ, களத்து மருத்துவ உதவியாளருக்கான சின்னத்தையோ ஈட்டியவர்கள் வெண்கல நட்சத்திரப் பதக்கத்துக்கும் உரியவர்கள் என்றது அந்த முடிவு.

அதற்குள் சிப்பாய்கள் வயலுக்கும் தொழிற்சாலைக்கும் திரும்பியிருந்தார்கள். பதக்கம் தானாகத் தபாலில் வந்து சேரவில்லை. கேட்டவருக்குக் கிடைத்தது, விஷயமே தெரியாதவர் கேட்கவில்லை. 1945-இல் அடித்த தாளில் 1947-இல் பிறந்த விதி எப்படி இருக்கும்? கணிசமானோர் தங்களுக்கு அப்படியொரு பதக்கம் உண்டு என்று அறியாமலேயே கண்ணை மூடினார்கள்.

ஆளுக்குப் பின்னால் வந்த ஆணைகள்

பணிப்பதிவேட்டில் பதக்கம் விடுபட்டிருக்கிறது என்றதும், எவனோ ஒரு குமாஸ்தா அசட்டையாக இருந்துவிட்டான் என்றுதான் தோன்றும். அதுவும் உண்டு. பெரிய போர் முடிந்து லட்சக்கணக்கானோரை மளமளவென்று வீட்டுக்கு அனுப்பிய முகாம்களில் தட்டச்சர்கள் விட்டது ஏராளம். ஆனால் பெரும்பங்கு விடுபடல்களுக்குக் காரணம் காலம். ஆள் வெளியேறிய பிறகு ஆணை வந்தது.

1950 முதல் எல்லாப் படைகளுக்கும் டிடி-214 என்ற ஒரே படிவம் வந்தது. வியட்நாமில் பணியாற்றி 1970 வாக்கில் வெளியேறிய தரைப்படை வீரரின் டிடி-214-இல், வியட்நாம் குடியரசின் ‘வீரச் சிலுவை’ என்ற படைப்பிரிவுச் சிறப்பு பெரும்பாலும் இருக்காது. அங்கே பணியாற்றிய தரைப்படைப் பிரிவுகள் அனைத்துக்கும் அதை உரித்தாக்கிய பொது ஆணை எண் 8 வந்தது 1974-இல். போர்க்கைதிப் பதக்கத்தை அமெரிக்க நாடாளுமன்றம் உருவாக்கியது 1985-இல். அது செல்லுபடியாகும் தேதியோ 1917 ஏப்ரல் 5. முதல் உலகப் போரில் ஜெர்மன் முகாமில் கிடந்தவருக்கும் அது உண்டு. கொரியப் போரில் பங்கெடுத்த அயல்நாட்டு வீரர்களுக்குத் தென்கொரியா 1951-லேயே தர முன்வந்த பதக்கத்தை ஏற்க அமெரிக்கா அனுமதித்தது 1999-இல்தான்.

இவை எவற்றிலும் வீரர் புதிதாக எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. எந்தப் பிரிவில், எந்தத் தேதியில், எந்த மண்ணில் இருந்தார் என்பது தெரிந்தால் போதும்.

இரண்டு பாதை, இரண்டு கதி

குடும்பங்கள் தடுமாறும் இடம் இங்கேதான். அப்பாவுக்குப் பதக்கம் வர வேண்டும் என்று அவர்கள் சொல்வதில் இரண்டு வேறு வழக்குகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, விதிப்படி ஏற்கெனவே அவருக்கு உரியதாகிவிட்ட பதக்கம்; தாளில் ஏறவில்லை, அவ்வளவுதான். மற்றது, அவர் செய்த வீரச்செயலுக்குக் கொடுத்திருக்க வேண்டிய, ஆனால் எவரும் கொடுக்காத பதக்கம்.

முதலாவது நேரான பாதை. மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு இறப்புச் சான்றோடு எழுத வேண்டும். பதிவுகளைச் சரிபார்த்து உரிய படைக்கு அனுப்புவார்கள். திருத்தம் வந்தால் பழைய டிடி-214-ஐ அடித்து எழுத மாட்டார்கள். டிடி-215 என்ற தனித் தாளை அதோடு சேர்ப்பார்கள். நம் ஊரில் பட்டாவில் பெயர் மாற்ற அலைகிறவர்களுக்கு இந்த நடைமுறையின் மணம் உடனே பிடிபடும்.

படை மறுத்தால் அடுத்த படி, ராணுவப் பதிவேடு திருத்த வாரியம். 1946 வரை ஒரு சிப்பாயின் பதிவில் உள்ள அநீதியைத் திருத்த நாடாளுமன்றத்தில் தனி மசோதாவே கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தச் சுமை தாளாமல் அந்த ஆண்டு உறுப்பினர்கள் அதிகாரத்தைத் துறைகளிடம் ஒப்படைத்தார்கள். தரைப்படை வாரியத்தில் சீருடை அணியாத மூவர் அமர்ந்து மனுவைப் பார்க்கிறார்கள். பிழை தெரியவந்த 3 ஆண்டுக்குள் மனு போட வேண்டும் என்பது சட்டம். நியாயம் கருதி அந்தக் கெடுவைத் தளர்த்தவும் வாரியத்தால் முடியும். வீரர் இறந்திருந்தால் வாரிசு கையெழுத்திடலாம்.

வாரியம் தொடங்கும் புள்ளி ஒன்று உண்டு: பதிவேட்டில் இருப்பது சரி என்றே முதலில் கொள்ளும். தவறு என்று காட்டுவது மனுதாரர் வேலை. இது கொடுமையாகத் தெரியலாம். ஆனால் குடும்பக் கதைகள் ஆண்டுக்கு ஆண்டு வளரக்கூடியவை. அத்தைமார் நினைவை வைத்து, போரில் காயம்பட்டவருக்கான ‘பர்ப்பிள் ஹார்ட்’ பதக்கத்தைக் கொடுக்க முடியாது. எதிரியின் தாக்குதலால் பட்ட காயம், அதற்கு மருத்துவர் பார்த்த சிகிச்சை, இரண்டுக்கும் அந்தக் காலத்துத் தாள் வேண்டும். சிக்கல் என்னவென்றால், அந்தத் தாள்களை வைத்திருந்த கட்டடமே ஒரு நாள் தீப்பிடித்து எரிந்தது.

ஆறாம் மாடி

1973 ஜூலை 12, நள்ளிரவு தாண்டிய நேரம். செயின்ட் லூயிஸை ஒட்டிய ஓவர்லேண்டில் இருந்த ஆவண மையத்தின் ஆறாம் மாடியில் தீப்பிடித்தது. அந்தத் தளத்தில் தீயணைப்பு நீர்த்தெளிப்பான்கள் இல்லை. அட்டைப் பெட்டிகளில் அடுக்கிய காகிதம் கொழுந்துவிட்டு எரிந்தது. முற்றிலும் அணைந்தது என்று சொல்ல நான்கரை நாள் ஆயிற்று. காரணம் இன்றுவரை உறுதியாகவில்லை.

போனது 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் கோப்புகள். 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் பதிவுகளில் 80 சதவீதம். 1947 செப்டம்பர் முதல் 1964 ஜனவரி வரை விடுவிக்கப்பட்ட விமானப்படையினரில், அகரவரிசையில் ஹப்பர்ட் என்ற பெயருக்குப் பின்னால் வருபவர்களின் பதிவுகளில் 75 சதவீதம். நகல் கிடையாது, நுண்படச் சுருள் கிடையாது, எந்தக் கோப்பு இருந்தது என்ற அட்டவணைகூடக் கிடையாது. ஆக, போனது எது என்றே பட்டியல் போட முடியவில்லை.

மீட்டது சுமார் 65 லட்சம். தண்ணீரில் ஊறிய கோப்புகளை விமானத் தயாரிப்பு நிறுவனமான மெக்டானல் டக்ளஸின் வெற்றிட அறைகளில் வைத்து உலர்த்தினார்கள். இன்றும் யாராவது கேட்டு எழுதினால், ஓரம் கருகிய கோப்பு வெளியே வரும். பூஞ்சை ஏறிய, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட தாள்களைப் பாதுகாப்பு நிபுணர்கள் பொறுமையாகப் பிரித்துத் தருகிறார்கள்.

கோப்பு முழுதும் எரிந்துபோனவர்களுக்கு மாற்று வழியைச் சுற்றிப் போய்த்தான் பிடிக்க வேண்டும். வெளியேறும்போது வாங்கிய கடைசிச் சம்பள ரசீது ஒரு சான்று. ஒவ்வொரு படைக் கம்பெனியும் அன்றாடம் எழுதிய காலை அறிக்கை இன்னொன்று. யார் காயம்பட்டு மருத்துவமனைக்குப் போனார், யார் திரும்பி வந்தார் என்பதெல்லாம் அதில் உண்டு. 1942–45, 1950–54 காலத்து மருத்துவமனைச் சேர்க்கை விவரங்கள் கொண்ட கணினி நாடாக்கள் 1988-இல் வெளிப்பட்டன. ஆராய்ச்சிக்காகத் தொகுத்தவை, காயத்துக்குச் சாட்சியாகப் பயன்பட்டன.

ஒமாஹா கடற்கரையின் மருத்துவ உதவியாளர்

இரண்டாவது பாதை எவ்வளவு நீளம் என்பதற்கு வேவர்லி வுட்சன் சாட்சி. பிலடெல்பியாக்காரர், கறுப்பினத்தவர், 320-ஆவது தடுப்பு பலூன் பட்டாலியனில் மருத்துவ உதவியாளர். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையை நெருங்கும்போதே அவர் வந்த படகு அடிபட்டது, அவருக்கும் காயம். கரையேறி, சிகிச்சைக்கு ஓரிடம் அமைத்து, சுமார் 30 மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தார். குண்டுகளை எடுத்தார், கட்டுப் போட்டார், நீரில் மூழ்கியவர்களுக்கு மூச்சு ஊட்டினார். அவர் கவனித்தவர்கள் சுமார் 200 பேர். கிடைத்தவை வெண்கல நட்சத்திரமும் பர்ப்பிள் ஹார்ட்டும்.

இரண்டாம் உலகப் போரில் ஒரு கறுப்பின வீரருக்குக்கூட அமெரிக்காவின் மிக உயர்ந்த ‘மெடல் ஆஃப் ஹானர்’ தரப்படவில்லை. 1990-களில் ராணுவமே இதை ஆராயச் சொன்னது; 1997-இல் ஏழு பேருக்கு அது வழங்கப்பட்டது. அப்போது உயிரோடு இருந்தவர் ஒருவர்தான். வுட்சனின் பெயரும் அந்த ஆய்வில் எழுந்தது. ஆனால் அவருடைய கோப்பு 1973 தீயில் போயிருந்தது.

2005-இல் அவர் காலமானார். பத்திரிகையாளர் லிண்டா ஹெர்வியூ பழைய ஆவணங்களைக் கிளறியபோது, போர்க்காலத்து அரசுக் குறிப்பு ஒன்றும் சான்றுகளில் சேர்ந்தது. வுட்சனுக்கு மேலான விருது பற்றி மேலிடத்தில் பேச்சு நடந்ததை அது காட்டியது. மேரிலாந்து செனட்டர் கிறிஸ் வான் ஹாலன் வழக்கைக் கையில் எடுத்தார். வுட்சனின் மனைவி தொண்ணூறு வயதைத் தாண்டியும் விடவில்லை. 2024 ஜூனில், நார்மண்டித் தரையிறக்கத்தின் 80-ஆம் ஆண்டு நினைவின்போது, இரண்டாம் நிலை விருதான சிறப்புச் சேவைச் சிலுவை அறிவிக்கப்பட்டது. அவர் இறந்து 19 ஆண்டுகள் கழித்து.

தாள் தந்ததும் எடுத்ததும்

ஹென்றி ஜான்சனின் கதை இன்னும் பழையது. நியூயார்க்கின் 369-ஆவது காலாட்படை, கறுப்பினத்தவர் படை; பிரெஞ்சு ராணுவத்தின் கீழ் போரிட்டது. 1918 மே மாதம் ஆர்கோன் காட்டில் இரவுக் காவலில் இருந்த ஜான்சன், கைக்குண்டும் துப்பாக்கியும் தீர்ந்த பின் போலோ கத்தியோடு ஜெர்மானியர்களை எதிர்த்து, காயம்பட்ட தோழரை அவர்கள் இழுத்துச் செல்லாமல் காத்தார். உடம்பில் 21 காயங்கள். பிரான்ஸ் உடனே விருது தந்தது. சொந்த நாடு எதையும் தரவில்லை. 1929-இல் இறந்தார்.

1996-இல் பர்ப்பிள் ஹார்ட், 2002-இல் சிறப்புச் சேவைச் சிலுவை. மெடல் ஆஃப் ஹானருக்குச் சான்று போதவில்லை என்று நின்றது. செனட்டர் சக் ஷூமரின் அலுவலகத்தினர் தேடியதில், சண்டை முடிந்த சில நாட்களிலேயே அமெரிக்கத் தளபதி பெர்ஷிங் அனுப்பிய செய்தி அகப்பட்டது. காலவரம்பை நீக்க நாடாளுமன்றம் தனியே சட்டம் இயற்றியது. 2015 ஜூன் 2 அன்று அதிபர் ஒபாமா விருதை வழங்கினார்.

ஏழைகளின் புதைகுழியில் கிடக்கிறார் என்று நம்பப்பட்டவர், உண்மையில் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் மரியாதையோடு அடக்கமானவர் என்பதும் ஆவணத் தேடலில் தெரிந்தது. பின்னர் நடந்த வம்சாவளித் தேடல், அவருடைய மகன் என்று தன்னை நம்பி ஆண்டுக்கணக்கில் போராடி மறைந்த ஒருவருக்கு அவரோடு ரத்த உறவே இல்லை என்றும் காட்டிவிட்டது. விருதைப் பெற்றுக்கொண்டது நியூயார்க் தேசியக் காவல் படையின் மூத்த சிப்பாய்.

யார் வேலை?

இவ்வளவுக்கும் பிறகு குடும்பத்துக்குப் பணமாகக் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றுமில்லை. அரசு தரும் கல்லறைக் கல்லில் பதக்கத்தின் பெயரைப் பொறிக்கலாம்; அதற்கும் ஆவணம் கேட்பார்கள். ஒரு நல்ல செய்தி: வீரர் வெளியேறி 62 ஆண்டுகள் ஆன கோப்பை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வெளியேறியவர்களின் கோப்புகள் எல்லாம் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன.

வுட்சனுக்கும் ஜான்சனுக்கும் செனட்டர்கள் வாய்த்தார்கள், ஆய்வாளர்கள் வாய்த்தார்கள். வீரத்தை அளக்கும் வழக்குகளில் ராணுவம் நிதானமாகச் சான்று கேட்பதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் பாதையில் நிற்கும் பெயரில்லாத சிப்பாய்களின் நிலை வேறு. அங்கே எடைபோட எதுவும் இல்லை. 1947-இலும் 1974-இலும் 1985-இலும் விதியை மாற்றியது அரசு. யார் எங்கே பணியாற்றினார் என்ற பதிவை வைத்திருப்பதும் அரசு. அந்தப் பதிவுகளை நீர்த்தெளிப்பான் இல்லாத மாடியில் அடுக்கி வைத்ததும் அரசு. விண்ணப்பம் மட்டும் விதவையிடமிருந்து வர வேண்டும் என்பது என்ன நியாயம்? முன்தேதியிட்டுப் பதக்கம் அறிவிக்கும் ஒவ்வொரு ஆணையிலும், உரியவர்களைப் பதிவேட்டில் தேடித் திருத்துவது படையின் பொறுப்பு என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பெயர், பிரிவு, தேதி பார்த்து முடிக்கக்கூடிய அலுவலக வேலை அது. செய்ய வேண்டியது சம்பளம் வாங்கும் அலுவலகம்தான்.