பெப்சி பாசியும் பால்கனி மிளகாயும்

அக்டோபரில் வெயில் கொஞ்சம் தணிந்ததும் ஷார்ஜாவின் ரோலாப் பகுதி அடுக்குமாடிகளில் தொட்டிகள் மண் நிரப்பப்பட்டு பால்கனிக்கு வந்துவிடும். மிளகாய், தக்காளி, வெண்டை, ஒரு கறிவேப்பிலைக் கன்று. டிசம்பருக்குள் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளை ஈ உட்கார்ந்திருக்கும். குருத்தில் அசுவினி அப்பியிருக்கும். சமையலறைக்கு நாலடி தள்ளி, பிள்ளைகள் விளையாடும் இடத்தில் விஷமருந்து அடிக்க யாருக்கு மனம் வரும்? அப்போது நர்சரிக் கடைக்காரர் எடுத்து நீட்டுவது கடற்பாசிச் சாறு.

அதை வாங்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது பூச்சிக்கொல்லி அல்ல. இன்று அடித்தால் நாளை ஈ செத்து விழும் என்று நினைத்து வாங்கியவர்கள், ரெண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டு ஏமாற்று வேலை என்று மூலையில் வைத்துவிடுகிறார்கள். சாற்றின் வேலை பூச்சியிடம் இல்லை, செடியிடம் இருக்கிறது.

செடிக்கு ரத்தம் இல்லை, உடலெங்கும் சுற்றிக் காவல் காக்கும் வெள்ளணுக்களும் இல்லை. ஆனால் அதன் ஒவ்வொரு செல்லின் மேற்பரப்பிலும் எதிரியை அடையாளம் காணும் ஏற்பிகள் உண்டு. பூஞ்சை இலையைத் துளைக்கும்போது அதன் செல்சுவர்த் துணுக்குகள் சிதறும். அந்தத் துணுக்கு ஏற்பியில் பட்டதும் செடி விழித்துக்கொள்ளும். பழுப்புப் பாசிகளில் லாமினாரின் என்றொரு சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. அதன் அமைப்பு பூஞ்சைச் செல்சுவரில் உள்ள பீட்டா குளுக்கனைப் போன்றது. ஆகவே, அது இலையில் பட்டதும் பூஞ்சை வந்துவிட்டதென்றே செடி எடுத்துக்கொள்கிறது. ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவான சாலிசிலிக் அமிலமும், ஜாஸ்மோனிக் அமிலமும் செடிக்குள் செய்தி பரப்புகின்றன. பூஞ்சையின் சுவரைக் கரைக்கும் கைட்டினேஸ் நொதி சுரக்கிறது, பீனால் பொருள்கள் கூடுகின்றன, செல்சுவர் தடிக்கிறது. நமக்குத் தடுப்பூசி போடுவதைப் போலத்தான்: நோய் வருமுன் போட்டால்தான் பலன். ஐரோப்பாவில் லாமினேரியா பாசியிலிருந்து பிரித்த லாமினாரினை ஆப்பிள், ஸ்ட்ராபெர்ரி, கோதுமைக்கு நோய்த்தடுப்பு மருந்தாகவே பதிவு செய்து விற்கிறார்கள்.

நம் பக்கத்துக் கதை ராமநாதபுரம் கடலோர ஊரான மண்டபத்தில் இருக்கிறது. கப்பாஃபைகஸ் அல்வரேசி என்ற சிவப்புப் பாசி பிலிப்பைன்ஸ் கடலைச் சேர்ந்தது. பவநகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்து வளர்த்துப் பார்த்தது. 2000-ஐ ஒட்டி பெப்சி நிறுவனம் ராமநாதபுரக் கடலோரத்தில் ஒப்பந்த முறையில் வளர்க்கச் செய்ய, அது பெப்சி பாசி ஆகிவிட்டது. நிறுவனம் விலகிய பிறகும் பெயர் போகவில்லை. இன்று அதைப் பெரும்பாலும் வளர்ப்பவர்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள். கரையில் கூட்டமாக உட்கார்ந்து, கைப்பிடி அளவு பாசித் துண்டுகளைக் கயிற்றில் வரிசையாக முடிகிறார்கள். அந்தக் கயிறுகளைச் சதுர மூங்கில் மிதவையில் இழுத்துக் கட்டிக் கடலில் இறக்கினால் 45 நாளில் அறுவடை.

முன்பெல்லாம் அறுத்த பாசியை அப்படியே மணலில் காயவைத்து, ஐஸ்கிரீமைக் கெட்டிப்படுத்தும் காராஜீனன் எடுக்க அனுப்பிவிடுவார்கள். பாசியின் எடையில் பெரும்பங்கு நீர். பொட்டாசியமும் வளர்ச்சி ஊக்கிகளும் கலந்த அந்தச் சாறு வீணாகப் போய்க்கொண்டிருந்தது. பவநகர் விஞ்ஞானிகள் ஈரப் பாசியையே அரைத்துப் பிழிந்து, சாற்றைப் பயிருக்கும் சக்கையைக் காராஜீனனுக்கும் ஆக்கும் முறையைக் கண்டுபிடித்து 2005-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். ஒரே பாசிக்கு ரெண்டு வருமானம்! வெயிலில் போனதைப் பணமாக்கிய இந்த வேலை இன்னும் பரவலாகப் பேசப்பட வேண்டியது. கூடவே இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவருகே இதே பாசி பவளப்பாறைமேல் படர்ந்திருப்பதை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வந்தேறிப் பாசியை எங்கே வளர்க்கலாம், எங்கே கூடாது என்பதில் கறாராக இருந்தே தீரவேண்டும்.

சரி, பூச்சியைப் பாசி நேரடியாகக் கொல்லவே கொல்லாதா? பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் பயிர்ப் பாதுகாப்பு ஆய்வு மையம் இதை விடாமல் தேடியிருக்கிறது. விசிறி வடிவில் வளரும் படினா பாசியின் சாறு, பருத்தியையும் வெண்டையையும் தாக்கும் சிவப்புப் பருத்திப் பூச்சியின் முட்டைகளையும் குஞ்சுகளையும் பாதிப்பதாக 2011-ல் அவர்கள் வெளியிட்டார்கள். இங்கிலாந்தில் 1990களில் தக்காளியில் நடந்த சோதனைகளில், பாசிச் சாறு ஊற்றிய வேர்களில் வேர்முடிச்சு நூற்புழுக்கள் குறைந்தன; சாற்றிலுள்ள பீட்டெயின் என்ற பொருளே காரணம் என்று கண்டார்கள். ஆனால் ஆய்வகத்தில் கரைப்பான் கொண்டு பிரித்தெடுக்கும் சாறு வேறு. வளர்ச்சிக்கென்று தயாரித்துக் கடையில் விற்பது வேறு. முதலாவதன் பலனை இரண்டாவதிடம் கேட்கக் கூடாது.

ரோலா பால்கனிக்கு வருவோம். இங்கே செடியின் முதல் எதிரி சூடு. பக்கத்து ஏசியின் வெளிப்பெட்டி அனல் காற்றை இலைமேல் ஊதிக்கொண்டே இருக்கும். உலர்ந்த அனலில் செஞ்சிலந்தி மளமளவென்று பெருகும். வாடிய செடியால் அதைத் தாங்க முடியாது. நீர் ஆவியாகி ஆவியாகித் தொட்டி மண்ணில் உப்பும் தேங்குகிறது. சூட்டையும் உப்பையும் தாங்கும் திறனைப் பாசிச் சாறு கூட்டுகிறது என்பதற்கே ஆய்வுச் சான்றுகள் நிறைய. அதனால் நாற்று நட்டு வேர்பிடித்த நாளிலிருந்தே தொடங்குங்கள். லிட்டர் தண்ணீருக்கு 2 அல்லது 3 மில்லி என்பது பொதுவான அளவு. லேபிளில் என்ன போட்டிருக்கிறதோ அதைத் தாண்ட வேண்டாம். வெயில் இறங்கிய பிறகு, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி, ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை. பூச்சி ஏற்கெனவே வந்துவிட்டதா? தண்ணீரைப் பீய்ச்சி அடித்து உதிருங்கள், மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிடுங்கள், சோப்புக் கரைசலில் வேப்பெண்ணெய் கலந்து தெளியுங்கள். அந்த வேலையைப் பாசியின் தலையில் கட்டாதீர்கள்.

கடற்கரையில் ஒதுங்கும் பாசியை அள்ளி வந்து வீட்டில் காய்ச்சலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். உப்பு முழுதாகப் போகாது. பழுப்புப் பாசிகள் கடல்நீரிலிருந்து ஆர்செனிக்கைச் சேர்த்துவைக்கும் இயல்புள்ளவை. சாப்பிடும் காய்க்குப் பரிசோதித்த சாறுதான் சரி. இந்தியாவும் 2021-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தி, பாசிச் சாறு உள்ளிட்ட உயிரூக்கிகளைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

உலகச் சந்தையில் சாற்றுக்காக அதிகம் புழங்குவது அஸ்கோபில்லம் என்ற பாசி. நார்வே, அயர்லாந்து, கனடாவின் குளிர்ந்த அட்லாண்டிக் பாறைகளில் வளர்வது. ஆனால் நமக்குப் பக்கத்திலேயே ஓமானின் தோஃபார் கடற்கரையில், சலாலாவுக்குக் கிழக்கே மிர்பாத் பக்கம், தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் ஆழத்துக் குளிர்நீர் மேலெழுந்து வரும். வெப்பமண்டலத்தில் பார்க்கவே அரிதான கெல்ப் பாசிக்காடு அங்கே தழைக்கிறது. காற்று ஓய்ந்து நீர் சூடேறியதும் பருவப் பாசிகள் பல மடிந்து கரை ஒதுங்குகின்றன. உயிரோடு இருப்பதைத் தொடாமல், ஒதுங்குவதை மட்டும் முறையாகச் சேர்த்து, பரிசோதித்துச் சாறெடுக்க முடியுமா என்று வளைகுடா நாட்டு வேளாண் ஆய்வாளர்கள் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.