டர்போ காருக்கு எந்தப் பெட்ரோல்?

ஆரணியில் நெய்த பட்டுப் புடவைகளை வேலூருக்கும் சென்னைக்கும் கொண்டுசெல்லும் சிறு வணிகர்கள் இப்போது சிறிய ரக எஸ்யூவி கார்களை விரும்பி வாங்குகிறார்கள். அவற்றில் பல, 1.0 அல்லது 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின் கொண்டவை. பெட்ரோல் பங்க்கில் நுழைந்ததும் "நார்மலா, பிரீமியமா?" என்ற கேள்வி வருகிறது. டர்போ வண்டி என்பதாலேயே "பிரீமியம்" என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. லிட்டருக்கு ஏழு ரூபாய் கூடுதல் என்று கொண்டால், மாதம் 100 லிட்டர் போடுபவருக்கு ஆண்டுக்கு 8,400 ரூபாய் செலவாகிறது. இதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது?

பெட்ரோலுக்கான ஆக்டேன் எண் அதன் ஆற்றலைக் குறிப்பதன்று. அழுத்தத்தையும் வெப்பத்தையும் தாங்கி, தீப்பொறி வருவதற்கு முன்போ, தாறுமாறாகவோ எரிந்துவிடாமல் இருக்கும் பொறுமையை அது அளக்கிறது. ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று 1920களில் வகுக்கப்பட்ட அளவுகோல் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. 91 என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கும் என்று பொருள்.

ஆரணிப் பட்டு காஞ்சிபுரம் பட்டைவிட எடை குறைந்தது. அதனால் அதைத் தாழ்ந்தது என்று ஆரணியில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது வேறு தேவைக்கானது. 91-க்கும் 95-க்கும் உள்ள உறவும் ஏறக்குறைய அப்படித்தான்.

டர்போ என்ஜினுக்கு மட்டும் ஏன் இந்த எண் முக்கியமாகிறது? வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு சக்கரம் சுழன்று, காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. அழுத்தப்பட்ட காற்று சூடேறும். உள்ளே வெப்பமும் அழுத்தமும் கூடுவதால், பெட்ரோல் தானாகவே பற்றிக்கொள்ளும் அபாயமும் கூடுகிறது. இதைத்தான் 'நாக்கிங்' என்கிறோம். கவனிக்காமல் விட்டால் பிஸ்டனே சேதமடையும்.

இக்கால வண்டிகள் இதற்குக் காவல் வைத்திருக்கின்றன. நாக்கிங் அதிர்வை ஓர் உணரி கண்டுகொண்டதும், கட்டுப்பாட்டுக் கணினி தீப்பொறி விழும் நேரத்தைச் சற்றுத் தள்ளிவைக்கிறது. என்ஜின் பிழைக்கிறது; இழுவையும் மைலேஜும் சிறிது குறைகின்றன. குறைவு எப்போது உணரத்தக்கதாக இருக்கும் என்றால், மே மாத வெயிலில், ஏசியைப் போட்டுக்கொண்டு, நான்கு பேரோடும் சுமையோடும் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலையேறும்போது. வேலூர் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது கணினிக்கு அந்த வேலையே அநேகமாக இராது. மலைப்பாதையில் உயர் கியரிலேயே முக்கிமுக்கி ஏற்றாமல் ஒரு கியர் குறைத்தால், காசு செலவின்றியே பாதித் தொல்லை தீரும்.

அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் (ஏஏஏ) 2017-இல் வெளியிட்ட சோதனை இங்கே உதவும். பிரீமியம் 'பரிந்துரைக்கப்படும்' வண்டிகளில் அதை ஊற்றியபோது மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதமும் குதிரைத்திறன் 1.4 சதவீதமும் உயர்ந்தன. நூறு ரூபாய்ப் பெட்ரோலுக்கு ஏழு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பவருக்கு, மைலேஜும் ஏழு சதவீதம் உயர்ந்தால்தான் கணக்கு நேராகும். சாதாரணப் பெட்ரோலுக்கென்றே வடிவமைக்கப்பட்ட வண்டிகளில் பலனே இல்லை என்று அதே சங்கம் 2016-இல் கூறியிருந்தது.

ஆகவே பார்க்க வேண்டியது வண்டியின் கையேட்டையும் பெட்ரோல் மூடியின் உட்பக்கத்தையும்தான். 'குறைந்தபட்சம் 95' என்றிருந்தால் விவாதத்துக்கே இடமில்லை. 'குறைந்தபட்சம் 91, பரிந்துரை 95' என்றிருந்தால் முடிவு உங்களுடையது. '91' மட்டும் என்றால் கூடுதல் பணம் வீண். ஓர் எச்சரிக்கை: அமெரிக்காவில் இருக்கும் மகனோ மருமகனோ "91 போடுங்கள், அதுதான் பிரீமியம்" என்று சொன்னால் குழம்ப வேண்டாம். அங்கே எண்ணைக் கணக்கிடும் முறை வேறு. அவர்களுடைய 87 நம்முடைய 91-க்கும், அவர்களுடைய 91 நம்முடைய 95-க்கும் ஏறத்தாழச் சமம்.

கதை இத்துடன் முடிந்திருக்கும், எத்தனால் குறுக்கே வராதிருந்தால். எத்தனாலின் ஆக்டேன் எண் ஏறத்தாழ 108. ஆவியாகும்போது அது வெப்பத்தையும் உறிஞ்சுகிறது. டர்போ என்ஜினுக்கு இது நல்லதே. இந்தியாவில் முன்பு 88 ஆக இருந்த சாதாரணப் பெட்ரோலின் எண், பின்னர் 91 ஆனது. 20 சதவீத எத்தனால் கலப்பால் இப்போது 95-ஐ எட்டியுள்ளதாக 2025 ஆகஸ்டில் பெட்ரோலியத் துறை அமைச்சகம் விளக்கமளித்தது. அப்படியானால், 95 என்ற எண்ணுக்காகவே பிரீமியம் வாங்குபவர், சாதாரணக் குழாயிலேயே கிடைப்பதற்குத்தான் கூடுதல் விலை தருகிறார்!

மிஞ்சுவது தூய்மையாக்கும் வேதிப்பொருள்கள். உட்செலுத்தும் முனைகளில் படியும் கசடை அவை குறைக்கும் என்பது உண்மை. ஆனால், பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டர்போ என்ஜின்களில் உள்வாங்கும் வால்வுகளின் மீது பெட்ரோல் படுவதே இல்லை. அங்கே சேரும் கரியை எந்தப் பிரீமியமும் கழுவாது.

எத்தனாலுக்கு மறுபக்கமும் உண்டு. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், பெட்ரோலில் உள்ளதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். மைலேஜ் குறைகிறது என்று மக்கள் முணுமுணுப்பது வெறும் கற்பனை அன்று. 2023-க்கு முன் வாங்கிய டர்போ கார் வைத்திருப்பவருக்கு, ஆக்டேன் எண்ணைவிட, குழாய்களும் ரப்பர் பாகங்களும் 20 சதவீத எத்தனாலைத் தாங்குமா என்பதே பெரிய கவலை. அதற்கும் கையேடுதான் விடை சொல்ல வேண்டும். விலை கூடிய பெட்ரோல் என்பதால் எத்தனால் இராது என்று எண்ணிக்கொள்வது தவறு.

பங்க்கில் அடர்த்தியைச் சோதித்துக் காட்டும்படி கேட்கலாம்; வடிகட்டித் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம்; ஐந்து லிட்டர் கலனில் அளவைச் சரிபார்க்கலாம். இவை நுகர்வோரின் உரிமை. ஆக்டேன் எண்ணை அங்கே நின்று அறிய வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 அக்டோபர் முதல் பெட்ரோல் குழாயிலும் புதிய வண்டியின் மூடியிலும் இ5, இ10 என்று எத்தனால் அளவைக் குறிக்கும் ஒரே மாதிரியான அடையாளம் ஒட்டப்படுகிறது. இங்கோ பிரீமியம் குழாயில் மட்டும் 95 என்று பெரிதாக மின்னுகிறது; சாதாரணக் குழாயில் எண்ணைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. பட்டுப் புடவைக்குப் புவிசார் குறியீடும், ஜரிகையில் எவ்வளவு வெள்ளி என்ற கணக்கும் கேட்கும் ஊரில், பெட்ரோல் குழாயில் ஆக்டேன் எண்ணையும் எத்தனால் விகிதத்தையும் படிக்கும் அளவில் எழுதிவைக்கச் சொல்வது அதிகப்படியான கோரிக்கை ஆகாது. எண்ணெய் நிறுவனங்களுக்கு இதனால் ஆகும் செலவு ஒரு ஸ்டிக்கரின் விலை.