ஊர் மாறலாம், நலம் மாறலாமா?

(சொந்த நகரத்துக்குத் திரும்பும் தம்பதிகளுக்கு)



மதுரை நகரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் பலர், வேலையின் பொருட்டு ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர் பக்கம் வந்து குடித்தனம் நடத்துகிறார்கள். நாலைந்து வருடம் ஓடிவிடுகிறது. குழந்தைகளும் பிறந்துவிடுகின்றன. பிறகு பெற்றோருக்கு வயதாகிவிட்டது என்றோ, பிள்ளைகளின் படிப்பை எண்ணியோ, மறுபடியும் சொந்த நகரத்துக்கே திரும்புகிறார்கள்.

"நம்ம ஊருக்குத்தானே போறோம்! எல்லாம் போய்ப் பார்த்துக்கலாம்" என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இங்கே கிராம சுகாதாரச் செவிலியருக்கு உங்களைத் தெரியும். தடுப்பூசி நாள் வந்தால் வீட்டு வாசலுக்கே வந்து கூப்பிடுவார். மதுரை மாநகராட்சியில் 100 வார்டுகள் இருக்கின்றன. நீங்கள் வந்து சேர்ந்த செய்தி, நீங்களே போய்ச் சொன்னால்தான் அங்குள்ள செவிலியருக்குத் தெரியும். வீடு தேடுவது, பள்ளிக்கூடம் சேர்ப்பது என்று இரண்டு மாதம் பறந்துவிடும். அந்த இரண்டு மாதத்தில்தான் தவணைகள் தவறிப்போகின்றன.

கிளம்பும் முன்னால்

சாமான்களைக் கட்டும்போது அட்டைகளையும் காகிதங்களையும் மூட்டைக்குள் போடாதீர்கள். கையோடு வரும் பையில் தனியாக வையுங்கள்.

1. தாய் சேய் நல அட்டை.
2. குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ்.
3. மருத்துவமனைச் சீட்டுகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் அறிக்கை.
4. ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம்.
5. காப்பர்-டி அல்லது கருத்தடை ஊசி போட்ட அட்டை.

செவிலியரிடமும் அங்கன்வாடி ஊழியரிடமும் "இன்ன தேதியில் இன்ன தெருவுக்குப் போகிறோம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அடுத்த தவணை எந்தத் தேதி என்பதை அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணியாக இருந்தால்

கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது 12 இலக்க எண் ஒன்று கொடுத்திருப்பார்கள். அதே எண் நகரத்திலும் செல்லும். புதிதாக வேறு பதிவு வேண்டாம். குழந்தையின் பிறப்புப் பதிவுக்கும் அந்த எண்ணைக் கேட்பார்கள். ஆகவே அட்டையில் இருப்பது போதாது, கணவரும் ஒரு தாளில் குறித்து வைத்திருக்கட்டும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி தவணை தவணையாக வங்கிக் கணக்கில் வருகிறது. ஊர் மாறுகிறோமே என்று பழைய கணக்கை மூடிவிடாதீர்கள். பணம் வந்து சேரும் வரை அது இருக்கட்டும்.

இரும்புச் சத்து மாத்திரையை ஒரு மாதத்துக்காவது சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். பீரோவையும் குடத்தையும் தூக்குவது கர்ப்பிணியின் வேலை அல்ல. இரத்தப்போக்கு, கடுமையான தலைவலி, கண் மங்குதல், குழந்தையின் அசைவு குறைதல் இவற்றில் எது கண்டாலும் வண்டி எங்கே நின்றாலும் சரி, 108-ஐக் கூப்பிடுங்கள்.

கைக்குழந்தை இருந்தால்

பிறந்தவுடன், பிறகு 6, 10, 14 வாரங்களில், 9 மாதம் முடிந்ததும், மீண்டும் 16 முதல் 24 மாதத்துக்குள், அப்புறம் 5 வயதுக்கு மேல் என்று தடுப்பூசித் தவணைகள் இருக்கின்றன. இதில் 9 மாதத் தட்டம்மை ரூபெல்லா ஊசியும், ஒன்றரை வயது ஊசியும்தான் ஊர் மாறும்போது விட்டுப்போகின்றன. "நாள் தாண்டிப்போச்சு, இனிமே எதுக்கு?" என்று விட்டுவிட வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதலிலிருந்து போட வேண்டியதில்லை. அரசு நிலையங்களில் எல்லாம் இலவசம்.

குடும்பநல முறை கையாளுபவர்களுக்கு

"அந்தரா" ஊசி போடுபவர்கள் 3 மாதத்துக்கு ஒரு முறை போட வேண்டும். மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டு மாதத்துக்கு உள்ளதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தவணை தவறிவிட்டால் நிரோத் உபயோகித்துக்கொண்டு, தாமதிக்காமல் செவிலியரைப் பாருங்கள். குழந்தை பெற்ற தாய்க்கு மாதவிலக்கு திரும்பும் முன்பே கருத்தரிக்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

காப்பர்-டி போட்டவர்களுக்கு ஊர் மாறுவதால் ஒரு தொந்தரவும் இல்லை. வகையைப் பொறுத்து 5 அல்லது 10 வருடம் அது வேலை செய்யும். எந்த வகை, போட்ட தேதி என்ன என்பது மட்டும் கையில் இருக்க வேண்டும்.

ஆண் கருத்தடை செய்துகொண்ட கணவருக்கு ஒரு சொல்: அறுவை முடிந்த அன்றே பலன் வராது. 3 மாதம் நிரோத் உபயோகித்து, பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். இந்தப் பரிசோதனையை நகரத்து அரசு மருத்துவமனையில் செய்துகொள்ளலாம்.

பெரிய வீட்டுக்குள் போகும்போது

சிற்றூரில் நீங்கள் இருவர் மட்டும் இருந்தீர்கள். இருவருமே பேசி முடிவெடுத்தீர்கள். சொந்த ஊரில் மாமியார், மாமனார், நாத்தனார், கொழுந்தன் என்று வீடு நிறைந்திருக்கும். அது பெரிய துணை. ஆனால் "இன்னும் ஒரு பையன் வேண்டாமா?" என்ற கேள்வியும் வரும். அந்தக் கேள்வி மருமகளைத்தான் முதலில் குத்தும்.

இங்கே பதில் சொல்ல வேண்டியவர் கணவர். "அம்மா, நாங்க ரெண்டு பேரும் பேசித்தான் முடிவு பண்ணியிருக்கோம்" என்று அவர் மரியாதையோடு ஒரு தடவை சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும். ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் விந்தணு. தாயைக் குறை சொல்ல இடமே இல்லை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

நாலு பேர் நடமாடும் வீட்டில் மாத்திரையை எங்கே வைப்பது, ஊசிக்கு எப்படிப் போவது என்ற கூச்சமும் மனைவிக்கு வரும். கணவர் கூடவே துணைக்குப் போகட்டும்.

போய்ச் சேர்ந்த முதல் வாரம்

பாலைக் காய்ச்சிய வாரமே அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இருவரும் ஒரு நடை போய் வாருங்கள். அட்டையைக் காட்டி, புது முகவரியைப் பதியச் சொல்லுங்கள். அங்கன்வாடி எங்கே என்று கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரைப் பிடித்து வைக்கும் குடம், தொட்டிகளை மூடி வையுங்கள். வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் வளர்கிறது. சந்தேகம் எதுவானாலும் 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

தம்பதிகளே! பாத்திரம் ஒன்று குறைந்தால் கடையில் வாங்கிக்கொள்ளலாம். தவறிய தவணைக்கு விலை கொடுப்பது தாயும் பிள்ளையும். ஊர் மாறும் தேதியை நாட்காட்டியில் குறிக்கும்போது, அடுத்த ஊசித் தேதியையும் அதன் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

அட்டை கையிலே, அக்கறை இருவரிடத்திலே!